ஆசானின் நூல், மாணவரின் காவியம்: சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் வாழ்வு

பாளையங்கோட்டை ரஹ்மத் நகரில் 1971-ஆம் ஆண்டு முதல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி நடந்து வருகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் அங்கே படித்த ஒருவராவது இல்லாத முஸ்லிம் ஊர் குறைவு. முஸ்லிம் அல்லாத குடும்பங்களிலிருந்தும் ஏராளமானோர் அங்கே பட்டம் பெற்றிருக்கிறார்கள். பட்டச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் அந்தப் பெயரைச் சுமந்து திரிந்தவர்களிடம், அந்த அப்பா யார் என்று கேட்டுப் பாருங்கள். கீழக்கரையில் அடங்கியிருக்கும் ஒரு வலியுல்லாஹ் என்பார்கள். வள்ளல் சீதக்காதியின் ஞானகுரு என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் சரிதான். ஆனால் ஒரு கல்லூரிக்கு அன்னாரின் பெயரை வைத்தது ஏன் இத்தனை பொருத்தம் என்பதற்கு இந்த இரண்டு பதில்களும் போதாது.

இன்றைய கல்லூரிகள் ஆண்டுதோறும் இரண்டு பட்டியல்களை வெளியிடுகின்றன. ஆசிரியர்கள் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் ஒரு பட்டியல். மாணவர்களின் கவிதை, கதை, படைப்புகள் இன்னொரு பட்டியல். சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் வாழ்வையும் இப்படி இரண்டு பட்டியல்களாகப் பார்க்கலாம். முதல் பட்டியலில் அன்னார் அரபியில் எழுதிய கவிதைகள் இருக்கின்றன. இரண்டாம் பட்டியலில் தமிழ் இலக்கியத்தின் பெருங்காப்பியங்களில் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டாம் பட்டியல் ஒரு கட்டத்தில் வெறுமையாகவே போயிருக்கக்கூடும். அது ஏன் என்பதைப் பார்ப்போம்.

காயல்பட்டினத்து ஐந்து சகோதரர்கள்

அப்பா அவர்கள் ஹிஜ்ரி 1042, அதாவது கி.பி. 1632-ல் காயல்பட்டினத்தில் பிறந்தார்கள். தகப்பனார் சுலைமான் வலியுல்லாஹ் (ரஹ்). மார்க்கக் கல்வியும் பக்தியும் ஒன்றாக இருந்த வீடு அது. சுலைமான் வலியுல்லாஹ் அவர்களின் ஐந்து ஆண்மக்களும் ஆலிம்களாக உயர்ந்தார்கள்: ஷம்சுத்தீன், அஹ்மது, சதக்கத்துல்லாஹ், ஸலாஹுத்தீன், சாம் ஷிஹாபுத்தீன். ஒரு தாய் வயிற்றில் பிறந்த ஐவரும் அறிஞர்களாக விளங்கியதைக் காயல்பட்டினத்தார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

ஆரம்பக் கல்வி தகப்பனாரிடம். அதன்பின் அதிராம்பட்டினத்தில் வாழ்ந்த மக்தூம் சின்ன நெய்னா லெப்பை ஆலிம் அவர்களிடம் உயர் கல்வி. மக்தூம் வழியினர் கேரளத்துப் பொன்னானியோடு தொடர்புடைய பெரும் அறிஞர் பரம்பரையினர். காயல்பட்டினம், அதிராம்பட்டினம், பொன்னானி என்று கடலோரமாகவே ஒரு கல்விப் பாதை அந்தக் காலத்தில் இருந்திருக்கிறது. சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளிலேயே கிதாபுகளும் மாணவர்களும் பயணம் செய்தார்கள்.

காயல்பட்டினத்துக்கு அரபியில் காஹிர் பத்தன் என்ற பெயர் வழங்கியது. அதனால்தான் அப்பா அவர்களின் பெயருக்குப் பின்னால் அல்காஹிரி என்ற அடைமொழி வருகிறது. எகிப்தின் கெய்ரோ நகரத்தை நினைத்து மயங்கிவிடக் கூடாது. இந்த காஹிர், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு அருகே உள்ள நம் காயல்தான்.

அப்பா என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடற்கரை ஊர்களில் தந்தையை வாப்பா என்றும் பாட்டனாரை அப்பா என்றும் அழைப்பது வழக்கம். வெளியூரார் இந்தப் பெயரைக் கேட்டதும் தந்தை என்று நினைப்பார்கள். ஊரார் காதில் விழுவது மூத்த பாட்டனாரை அழைக்கும் குரல். ஒரு பெரும் ஆலிமை மக்கள் வீட்டு உறவுப் பெயரால் அழைத்தார்கள் என்பதே அன்னார் மக்களோடு எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டும்.

அன்றைய முத்துக்குளித்துறை

அவர்கள் பிறந்த காலத்தில் முத்துக்குளித்துறை அமைதியான இடமாக இல்லை. மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி. கடலில் போர்ச்சுக்கீசியர் ஆதிக்கம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அவர்கள் இந்தக் கரையின் முத்துச் சலாபத்தைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் அவர்களோடு மோதியும் விலகியும் தங்கள் வணிகத்தைக் காத்து வந்தார்கள்.

1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். அப்போது அப்பா அவர்களுக்கு வயது 26. ஆதிக்கம் கை மாறியதே தவிர அதன் முறை மாறவில்லை. தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்காமல் கப்பல் ஓட்டக் கூடாது என்றார்கள் டச்சுக்காரர்களும். முத்துக் குளிப்பு எல்லா ஆண்டும் நடக்காது. சிப்பி விளைந்து முதிர்ந்த ஆண்டில்தான் சலாபம் கூடும். அந்தச் சில வாரங்களில் பரதவரும் முஸ்லிம்களும் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கினார்கள். குளிக்கும் உரிமையையும் கல் கணக்கில்தான் பங்கிட்டார்கள்.

இப்படிப் பொருள் வந்தும் போயும் கொண்டிருந்த ஒரு கரையில், நிலையாக நிற்கக்கூடிய செல்வம் எது என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்த ஐந்து சகோதரர்களும் கல்வி என்றே விடை கண்டார்கள்.

கீழக்கரையில் உஸ்தாத்

அப்பா அவர்கள் பின்னர் கீழக்கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கேதான் அன்னாரின் வாழ்வோடு இன்னொரு பெரும் பெயர் இணைகிறது. செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்ற வணிகர், மக்கள் நாவில் சீதக்காதி ஆனவர். சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் நம்பிக்கைக்கு உரியவர். விஜய ரகுநாத என்ற பட்டத்தை மன்னர் இவருக்கு வழங்கினார் என்பார்கள். டச்சு ஆவணங்களில் பெரியதம்பி மரைக்காயர் என்ற பெயரில் வருபவர். நெல்லும் துணியும் சங்கும் முத்தும் இவர் கப்பல்களில் ஏறின. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பழமொழி எல்லாத் தமிழருக்கும் தெரியும்.

அந்தச் செல்வந்தர் மார்க்க விஷயத்திலும் அறிவு விஷயத்திலும் அப்பா அவர்களின் சொல்லைக் கேட்டு நடந்தார். வணிகர் பொருள் கொடுத்தார், ஆலிம் திசை காட்டினார். கீழக்கரையில் கல் தூண்களோடு திராவிடக் கட்டடக் கலையில் எழுந்து நிற்கும் பழைய ஜும்ஆ பள்ளியை அந்தக் காலத்தின் அடையாளமாகச் சொல்வார்கள். அந்தப் பள்ளி வளாகத்தில்தான் ஆசானும் வள்ளலும் அடங்கியிருக்கிறார்கள்.

அப்பா அவர்களிடம் ஓத வந்தவர்கள் கடற்கரை முழுவதும் பரவினார்கள். பரங்கிப்பேட்டை வரை அன்னாரின் மாணவர்கள் இருந்தார்கள். சகோதரர்களிலும் ஒருவர் தனி வழியில் நடந்தார். இளையவர் சாம் ஷிஹாபுத்தீன் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் காயல்பட்டினத்தில் இருந்துகொண்டு அரபுத்தமிழில் பாமாலைகள் பாடினார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறைக்கே அரபுத்தமிழ் என்று பெயர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்த எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டார்கள். ரசூல் மாலை, அதபு மாலை போன்றவை அவ்வாறு வந்தவை. குர்ஆன் ஓதக் கற்றிருந்தும் தமிழ் நெடுங்கணக்கு கற்க வாய்ப்பில்லாத பெண்களும் வீட்டிலிருந்தே மார்க்கச் சட்டங்களையும் ஒழுக்கங்களையும் பாட்டாகப் படிக்க அவை உதவின.

அண்ணன் அரபியில், தம்பி அரபுத்தமிழில். ஒரே வீட்டில் இரண்டு மொழிப் பாதைகள். மூன்றாவது ஒரு பாதை இனிமேல்தான் வரப்போகிறது.

இரண்டு அடியை ஐந்தடி ஆக்குதல்

முதல் பட்டியலுக்கு வருவோம். அப்பா அவர்கள் எழுதியவற்றில் பெரும்புகழ் பெற்றவை தக்மீஸ்கள். தக்மீஸ் என்றால் ஐந்தாக்குதல். அரபுக் கவிதையில் ஒரு பைத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. பழைய கவிஞர் ஒருவரின் பைத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் புதிதாக மூன்று அடிகளைக் கட்டி, ஐந்தடியாக்கித் தருவது தக்மீஸ். புதிய மூன்று அடிகளும் பழைய முதல் பாதியின் இயைபோடு பொருந்த வேண்டும். சந்தம் பிசகக் கூடாது. பொருள் இடறாமல் வந்து பழைய வரியில் இறங்க வேண்டும். எங்கே தன் வரி முடிந்தது, எங்கே முன்னோர் வரி தொடங்கியது என்று ஓதுபவருக்குத் தெரியாமல் இருப்பதே இதில் வெற்றி.

அப்பா அவர்கள் இப்படி ஐந்தடியாக்கிய கவிதைகள் சாதாரணமானவை அல்ல. ஒன்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையிலேயே கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) பாடிய பானத் ஸுஆத். இன்னொன்று, 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இமாம் பூஸீரி (ரஹ்) பாடிய கஸீதத்துல் புர்தா. புர்தாவில் ஏறத்தாழ 160 பைத்துகள் உண்டு. பைத்துக்கு மூன்று அடி என்றால் 480 புதிய அடிகள். உலகமே ஓதும் ஒரு கவிதையின் நடுவே தன் அடிகளைச் சேர்த்துப் பாட எவ்வளவு மொழிப் பிடிப்பும் எவ்வளவு அடக்கமும் வேண்டும்!

மூன்றாவது, பக்தாதைச் சேர்ந்த முஹம்மது இப்னு அபீபக்ர் அவர்கள் இயற்றிய வித்ரிய்யா. அரபு எழுத்து வரிசையில், லாம் அலிஃபையும் சேர்த்து 29 எழுத்துகளுக்கும் ஒவ்வொரு கவிதை. ஒவ்வொரு கவிதையிலும் 21 பைத்துகள். வித்ர் என்றால் ஒற்றைப்படை. அந்த எண்ணால் வந்த பெயர் வித்ரிய்யா. எந்த எழுத்துக்குரிய கவிதையோ அந்த எழுத்திலேயே அடி தொடங்கி அந்த எழுத்திலேயே முடியும் கட்டுப்பாடு மூலத்தில் உண்டு. அதற்கும் அப்பா அவர்கள் தக்மீஸ் செய்தார்கள். நம் கடற்கரை ஊர்களின் மஜ்லிஸ்களில் வித்ரிய்யா ஓதும் சப்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ராகம் தனியே நினைவில் இருக்கும். ஓதிய வரிகளில் எது பக்தாதின் வரி, எது காயலில் பிறந்தவரின் வரி என்று பிரித்தறியாமலே பலர் ஓதியிருப்போம். தக்மீஸ் அதைத்தான் விரும்புகிறது.

ஆக, அப்பா அவர்களின் சொந்த எழுத்திலேயே ஆசிரியரின் குணம் தெரிகிறது. தம் பெயரைத் தனித்து நிறுத்தாமல் இன்னொருவரின் கவிதைக்கு உடன் நின்று அதை விரித்துக் கொடுத்தார்கள். மாணவர் விஷயத்திலும் அன்னார் அப்படித்தான் இருந்தார்களா? இதற்கு விடை ஒரு தமிழ்ப் புலவரின் வருகையில் இருக்கிறது.

திருப்பி அனுப்பப்பட்ட புலவர்

1642-ல் பிறந்தவராகக் கொள்ளப்படும் உமறு, அப்பா அவர்களைவிடப் பத்து வயது இளையவர். எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். கடிகைமுத்துப் புலவர் முஸ்லிம் அல்லர். ஆனாலும் தம்மிடம் வந்த முஸ்லிம் பிள்ளைக்கு யாப்பும் அணியும் காப்பிய மரபும் குறைவின்றிச் சொல்லிக் கொடுத்தார். அந்த மாணவரே பின்னாளில் எட்டயபுரத்தின் அரசவைப் புலவரானார்.

அன்று தமிழில் இஸ்லாமிய இலக்கியம் இல்லாமல் இல்லை. ஆயிரம் மசலா 1572-லேயே வந்துவிட்டது. மிகுராசு மாலையும் கனகாபிஷேக மாலையும் வந்திருந்தன. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை முழுக் காப்பியமாகப் பாடும் முயற்சி நடக்கவில்லை. வள்ளல் சீதக்காதிக்கு அந்தக் குறை இருந்தது. உமறுவின் புலமையைக் கேள்விப்பட்டு அவரிடம் அந்தப் பணியை ஒப்படைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

உமறுவிடம் தமிழ் இருந்தது. நபி வரலாற்றின் மூல நூல்கள் அரபியில் இருந்தன. அந்த மொழி அவருக்குக் கைவரவில்லை. ஆகவே அரபி அறிந்த பெரும் ஆலிமான சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் போய் நின்றார்.

அப்பா அவர்கள் முதலில் மறுத்துவிட்டார்கள் என்றே எல்லா வழக்குகளும் சொல்கின்றன. வந்தவர் அரசவைப் புலவரின் கோலத்தில், அணிகலன்களோடு நின்றார். பார்வைக்கு ஒரு முஸ்லிமாகவே தோன்றவில்லை. நபியின் வாழ்வு விளையாட்டுப் பொருள் அல்ல. ஒரு சொல் பிசகினாலும் தவறான செய்தி தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிடும். அரபி தெரியாத, அரசவையில் மன்னரைப் புகழ்ந்து பாடிப் பழகிய ஒருவரிடம் அந்தச் செய்திகளை எப்படி ஒப்படைப்பது? அப்பா அவர்களின் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. இன்றும் எந்தப் பொறுப்புள்ள ஆசிரியருக்கும் அந்தத் தயக்கம் வரும்.

உமறு மனமுடைந்து பள்ளிவாசலில் தங்கி அழுது துஆ செய்தார் என்றும், நாயகம் (ஸல்) அவர்களைக் கனவில் கண்டார் என்றும், அப்பா அவர்களுக்கும் அதுபோலக் கனவில் உத்தரவு கிடைத்தது என்றும் செவிவழிச் செய்தி சொல்கிறது. அதைத் தொடர்ந்து அப்பா அவர்கள் தம் முடிவை மாற்றிக்கொண்டு அவரை ஏற்றுக்கொண்டார்கள். பரங்கிப்பேட்டையில் இருந்த தம் மாணவர் மஹ்மூது தீபி அவர்களிடம் போய் மேலும் செய்திகளைப் பெறவும் வழி செய்தார்கள் என்பது மரபு.

கனவுச் செய்தியை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. ஊரெல்லாம் மதிக்கும் ஒரு ஆலிம், தாம் சொன்ன மறுப்பைத் தாமே திரும்பப் பெற்றார்கள். தோற்றத்தைப் பார்த்து எடுத்த முடிவு தவறு என்று தெரிந்ததும் கதவைத் திறந்தார்கள். தம் மாணவரையும் அந்தப் பணியில் சேர்த்தார்கள். அந்த ஒரு முடிவு மாறாமல் இருந்திருந்தால் சீறாப்புராணம் பிறந்திருக்காது.

இதில் ஆசான்களின் வரிசையையும் பாருங்கள். தமிழ் கற்றுக் கொடுத்தவர் கடிகைமுத்துப் புலவர். செய்தி கொடுத்தவர் சதக்கத்துல்லாஹ் அப்பா. உடனிருந்து விளக்கியவர் மஹ்மூது தீபி. எட்டயபுரமும் கீழக்கரையும் பரங்கிப்பேட்டையும் சேர்ந்து ஒரு மாணவரை உருவாக்கின.

சீறாப்புராணம்

உமறு பாடி முடித்தவை 5027 பாடல்கள். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள். முறையே 24, 21, 47 படலங்கள். மொத்தம் 92. ஸீரத் என்ற அரபுச் சொல்லே தமிழில் சீறா ஆயிற்று.

இந்த நூலில் அரபு நாடு தமிழ் நிலமாக விரிகிறது. காப்பிய மரபுப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் உண்டு. மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் காட்சி வருகிறது. மக்காவில் ஏது நெல் வயல் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அரபியில் புலமை கொண்ட அப்பா அவர்களுக்கு அது தெரியாதா? தெரிந்தும், நிகழ்ச்சிகளின் மெய்யைக் காப்பது ஆலிமின் பொறுப்பு என்றும், அதைத் தமிழர் நெஞ்சில் பதியும்படிச் சொல்வது புலவரின் உரிமை என்றும் இடம் விட்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. செய்தியைக் கொடுத்த ஆசான் நடையில் கை வைக்கவில்லை. படைப்பு எழுதும் மாணவருக்கு ஆசிரியர் தரக்கூடிய சுதந்திரம் இதைவிட வேறென்ன?

பணி நடந்துகொண்டிருக்கும்போதே வள்ளல் சீதக்காதி மறைந்தார். ஆதரவின்றி நின்ற புலவரைப் பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர் தாங்கினார். அதனால்தான் நூலின் உள்ளே பல இடங்களில் புகழ்ந்து பாடப்படும் வள்ளல் அபுல் காசிம். சீதக்காதியின் பெயர் நூலில் இல்லை. ஆனால் தொடக்கத்து வாழ்த்துப் பகுதியில் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நன்றியோடு நினைக்கிறார் உமறு. முதலில் திருப்பி அனுப்பியவர் என்ற மனக்குறை அவரிடம் எஞ்சியிருக்கவில்லை.

காப்பியம் நாயகம் (ஸல்) அவர்களின் முழு வாழ்வையும் சொல்லி முடிக்கவில்லை. ஹிஜ்றத்துக்குப் பின் ஏறத்தாழ ஆறாம் ஆண்டு நிகழ்ச்சியான உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. விடுபட்ட பகுதியைப் பின்னர் பனீ அகமது மரைக்காயர் பாடினார். அது சின்னச்சீறா என்று வழங்குகிறது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கும் வழக்கம் இந்தக் கரையில் இப்படித்தான் நிலைத்தது.

மறைவும் அதற்குப் பின்னும்

ஹிஜ்ரி 1115, கி.பி. 1703-ல் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் கீழக்கரையில் மறைந்தார்கள். வயது 71. மாணவர் உமறு எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார். அங்கே அவருக்குத் தமிழக அரசு மணிமண்டபம் அமைத்திருக்கிறது. ஆசான் பிறந்த காயல்பட்டினமும் மாணவர் அடங்கிய எட்டயபுரமும் இன்று ஒரே தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. பாரதி நினைவாக எட்டயபுரம் போகிறவர்கள் இந்தப் புலவரின் அடக்கத்தலத்துக்கும் ஒரு நடை போய் வரலாம்.

சீறாப்புராணம் ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஓலையிலேயே கிடந்தது. படி எடுத்தவர் பிழை, கரையான் தின்ற ஏடு, ஊருக்கு ஊர் பாட வேறுபாடு என்று பல சோதனைகள். 1835-ல் அச்சகங்களுக்கு இருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. ஏழே ஆண்டுகளில், 1842-ல், செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவர் அதை அச்சில் ஏற்றினார். மக்கள் அவரைப் புலவர் நாயகம் என்பார்கள். அவரே நான்கு காப்பியங்கள் பாடியவர். தம் நூல்களோடு நின்றுவிடாமல் முன்னோர் ஒருவரின் நூலைக் காப்பாற்றித் தந்தார்.

அதே 19-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) அரபியிலும் அரபுத்தமிழிலும் எழுதிக் குவித்தார்கள். அவர்களும் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரைக்கு வந்தவர்களே. அப்பா அவர்கள் நடந்த அதே பாதை. இந்த நீண்ட சங்கிலியின் இன்றைய கண்ணிதான் 1971-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய கல்லூரி.

நாம் செய்யக்கூடியது

பெயரை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நாம் பல நேரங்களில் நினைத்துவிடுகிறோம். கல்லூரிக்குப் பெயர், தெருவுக்குப் பெயர், ஆண்டுக்கொரு கந்தூரி. அந்தப் பெயருக்கு உரியவர் எழுதியதை எத்தனை பேர் பொருள் அறிந்து படித்திருக்கிறோம்? வித்ரிய்யா ஓதத் தெரிந்த பிள்ளைகளுக்கு, அதில் ஐந்தில் மூன்று அடி நம் ஊர்க்காரர் கட்டியது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? சீறாப்புராணத்தில் பத்துப் பாடலுக்காவது பொருள் சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருக்கிறாரா?

கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் இன்னும் கிதாபுப் பெட்டிகள் இருக்கின்றன. அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள், மாலைகள், தலைப்பாத்திஹாக்கள். வீட்டை இடித்துக் கட்டும்போது அவை பழைய காகிதத்தோடு போய்விடுகின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். படிக்கத் தெரிந்த ஒரு ஆலிமிடமோ ஒரு கல்லூரித் தமிழ், அரபித் துறை ஆசிரியரிடமோ காட்டுங்கள். புகைப்படமாவது எடுத்து வையுங்கள். புலவர் நாயகம் 1842-ல் செய்ததை நம்மால் கைப்பேசியிலேயே தொடங்க முடியும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் அப்பா அவர்களின் வாழ்வில் ஒரு செய்தி இருக்கிறது. பதவி உயர்வுக்கும் தரச் சான்றுக்கும் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை வேண்டும்தான். அதை யாரும் மறுக்கவில்லை. அப்பா அவர்களும் எழுதினார்கள், நிறைவாக எழுதினார்கள். ஆனால் அன்னாரின் பெயரைத் தமிழுலகம் முழுதும் கொண்டு சேர்த்தது மாணவரின் காவியம். வகுப்பின் கடைசி வரிசையில், உடையிலும் பேச்சிலும் நாம் எதிர்பார்க்கும் சாயல் இல்லாத ஒரு பிள்ளை கவிதை எழுதிய தாளோடு வந்து நிற்கக்கூடும். முதல் பார்வையில் திருப்பி அனுப்பிவிடத் தோன்றும். அப்போது கீழக்கரையில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. மறுக்கப்பட்டதும் உமறு ஊர் திரும்பிவிடவில்லை. ஆசானைத் தூற்றவும் இல்லை. பள்ளியில் காத்திருந்தார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுப் பெற்றார். முடித்த பின் நன்றியை நூலிலேயே எழுதி வைத்தார்.

அல்லாஹ் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் கல்விப் பணியை ஏற்றுக்கொண்டு, அன்னாரின் பெயர் தாங்கிய கல்விச்சாலையிலிருந்தும் நம் ஊர்களின் எல்லாக் கல்விச்சாலைகளிலிருந்தும் நல்ல நூல்களையும் நல்ல மாணவர்களையும் தருவானாக. ஆமீன்.